மன்னிப்புக் கேட்க ஆள் வந்த கதையும், வராத கதையும்



இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு சினிமாப் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். "சங்கத்துக்காரனுக்குச் சினிமா என்னாத்துக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், பரவாயில்லை. பாட்டும் கூத்தும் உள்ள படமல்ல இது. நம்ம தாத்தாக்கள் தோளில் சுமந்து போட்ட தண்டவாளத்தின் கதை. ஆனால் அந்தக் கதைக்குள் நம்ம தாத்தாக்கள் இல்லை. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

படத்தின் பெயர் 'தி ரயில்வே மேன்'. 2013-ல் வந்தது. நான் பார்த்தது ரொம்பத் தாமதம். போன தீபாவளி லீவில் என் மகள் தன் கம்ப்யூட்டரில் போட்டு, "அப்பா, இது சயாம் ரயில் படம், வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று வெட்டுக்கத்தி பிடிக்கப் போனவன். இங்கிலீஷ் படம் என்றால் கீழே ஓடுகிற மலாய் எழுத்தைப் படித்துத்தான் கதையைப் பிடிப்பேன். என் அப்பாவும் கூட உட்கார்ந்தார். அவருக்கு எழுபத்தைந்து வயது. பாதிப் படத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் போனார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கதை இதுதான். எரிக் லோமக்ஸ் என்று ஒரு வெள்ளைக்காரர். எடின்பரோக்காரர், 1919-ல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே ரயில் என்றால் உயிர். எந்த வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர். பட்டாளத்தில் தந்தி, ரேடியோ பிரிவில் அதிகாரியாக இருந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரனிடம் கைதியானார். சாங்கியில் வைத்திருந்து, பிறகு சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ரயில் மேல் ஆசை வைத்த மனிதன் ரயிலிடமே போய்ச் சிக்கினான் பாருங்கள்! அங்கே காஞ்சனாபுரி முகாமில் அவரும் கூட்டாளிகளும் திருட்டுத்தனமாக ஒரு ரேடியோ செய்தார்கள். சண்டை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அது 1943 ஆகஸ்டில் பிடிபட்டது. கோடாரிக் காம்பு மாதிரியான கட்டைகளால் அடித்தார்கள். அந்த அடியில் இரண்டு அதிகாரிகள் செத்தே போனார்கள். லோமக்சுக்கு இரண்டு கையும் ஒடிந்தது, விலா எலும்பும் ஒடிந்தது. அப்புறம் கெம்பித்தாய் கையில் கொடுத்தார்கள். கெம்பித்தாய் என்றால் நம் கிழவிகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மூக்கிலும் வாயிலும் குழாய்த் தண்ணீரை விட்டு மூச்சை அடைத்தார்கள். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளன், இளவயதுக்காரன், கேள்வியை இங்கிலீஷில் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தான். அடித்தவன் முகத்தைவிட அந்தக் குரல்தான் லோமக்ஸ் மண்டைக்குள் நின்றுபோனது. பிறகு ஐந்து வருஷத் தண்டனை போட்டு, சிங்கப்பூர் ஊட்ரம் ரோடு சிறையில் தள்ளினார்கள்.

சண்டை முடிந்து ஊர் திரும்பினார். உடம்புதான் திரும்பியது. ராத்திரியில் கத்திக்கொண்டு எழுவார். யாரிடமும் பேச மாட்டார். 1980-ல் ஒரு ரயில் பயணத்தில் பட்ரீசியா என்ற பெண்ணைச் சந்திக்கிறார். பிறகு கல்யாணம் செய்துகொள்கிறார். (அந்த அம்மாளைச் சுருக்கி அவர்கள் கூப்பிடும் பெயரைத் தமிழில் எழுதினால் 'பாட்டி' ஆகிவிடும், அதனால் முழுப் பெயரையே எழுதுகிறேன்.) வந்த மனைவிக்குப் புருஷன் ஒரு பூட்டிய பெட்டி. திறக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. படத்தில் கொலின் ஃபெர்த் லோமக்சாகவும் நிக்கோல் கிட்மன் அந்த அம்மாளாகவும் நடிக்கிறார்கள். அந்த அம்மாள் படுக்கையில் உட்கார்ந்து புருஷனைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை நான் எங்கள் லயத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். என் பாட்டியின் பார்வை அது.

கடைசியில் தெரிய வருகிறது, அந்த மொழிபெயர்ப்பாளன் உயிரோடு இருக்கிறான். பெயர் நாகாசே தகாஷி. லோமக்ஸ் கிளம்பிப் போகிறார், கொல்லலாம் என்ற எண்ணத்தோடு. படத்தில் அவனைத் தனியாகப் பிடித்து, கையை ஒடிக்கிற அளவுக்குப் போய், ஒடிக்காமல் விட்டுவிடுகிறார். பிறகு மனைவியோடு திரும்பி வருகிறார். நாகாசே குனிந்து அழுகிறார். இரண்டு கிழவர்களும் கட்டிக்கொள்கிறார்கள். ஹிரோயுகி சனாடா என்ற ஜப்பான் நடிகர் நாகாசேயாக நடித்திருக்கிறார். அவர் அழுத அழுகையில் என் மகளும் அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் நடந்த சம்பவம் படத்தில் வருவதைவிடப் பெரியது என்பது என் அபிப்பிராயம். படக்காரர்களுக்கு ஒரு மோதல் தேவைப்பட்டது, வைத்துக்கொண்டார்கள். நடந்ததோ கடிதத்தில் தொடங்கியது. லண்டனில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்காக 1985-ல் ஆரம்பித்த ஒரு மருத்துவ நிலையம் உண்டு. அங்கே போய் லோமக்ஸ் உட்கார்ந்து பேசினார். அறுபதைத் தாண்டி, எழுபதை எட்டும் வயதில், முதல் தடவையாக ஒருவரிடம் ஒன்று விடாமல் சொன்னார். சொன்னதே பாதி மருந்து. 1989-ல் ஒரு பத்திரிகைத் துண்டு அவர் கைக்கு வந்தது. அதில் நாகாசேயின் படம். அந்த மனிதர் சண்டை முடிந்தபின் வெள்ளைக்காரர் பட்டாளத்தோடு காட்டுக்குள் போய்க் கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் கொடுத்திருக்கிறார். பிறகு காஞ்சனாபுரிக்குத் திரும்பத் திரும்பப் போய், புத்தர் கோயில் ஒன்றும் கட்டியிருக்கிறார். தன் குற்றத்தைப் புத்தகமாகவும் எழுதினார். அந்தப் புத்தகத்தில், கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் கும்பிட்டு நின்றபோது தன் பாவம் மன்னிக்கப்பட்டதாக உணர்ந்தேன் என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்த பட்ரீசியா அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது! உட்கார்ந்து நாகாசேக்குக் கடிதம் எழுதினார். என் புருஷன் இன்னும் உன்னை மன்னிக்கவில்லையே, நீ எப்படி மன்னிக்கப்பட்டதாக நினைக்கலாம் என்று கேட்டார். படத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். கட்டிப்பிடித்து அழுவதைவிட எனக்கு இதுதான் பெரிய காட்சி. ஒரு பெண்பிள்ளை நியாயத்தை எவ்வளவு நேராகப் பிடித்தாள் பாருங்கள். கோயில் கட்டினாலும், பூ வைத்தாலும், ஆயிரம் தடவை விழுந்து கும்பிட்டாலும், மன்னிக்க வேண்டியவன் வாய் திறந்து சொன்னால்தானே அது மன்னிப்பு?

நாகாசே அதை மறுக்கவில்லை. மன்றாடிப் பதில் எழுதினார். 1993-ல் இருவரும் காஞ்சனாபுரிப் பாலத்தருகே பேசிவைத்துச் சந்தித்தார்கள். லோமக்ஸ் ஜப்பானுக்கும் போனார். அங்கே, தனி அறையில், தான் எழுதி வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை நாகாசே கையில் கொடுத்தார். 1995-ல் புத்தகம் வந்தது. நாகாசே 2011-ல் காலமானார். லோமக்ஸ் 2012-ல், படம் திரைக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

நல்ல கதை. நல்ல மனிதர்கள். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் தாத்தா கதைக்கு வருகிறேன்.

பேராக்கில், சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தாத்தாவுக்கு அப்போது இருபது, இருபத்திரண்டு வயது. அவருக்கு ஓர் அண்ணன். ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடிவிட்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. பெரட்டும் இல்லை, சம்பளமும் இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். அந்த நேரத்தில், சயாமில் வேலை இருக்கிறது, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசி கொடுப்பார்கள், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று அறிவிப்பு வந்தது. பசித்தவன் நம்புவான். முதலில் போனவர்கள் அப்படி நம்பிப் போனவர்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லை என்றதும் மற்றவர்கள் பயந்தார்கள். அதன்பிறகு லாரி வந்தது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டான் ஜப்பான்காரன். கணக்கைக் கிராணி எழுதினார். என் தாத்தாவும் அவர் அண்ணனும் அந்தக் காகிதத்தில் ஏறினார்கள். சாமான் ரயில் பெட்டியில் அடைத்து, நாள் கணக்காக உருட்டிக்கொண்டு போய், பான்போங்கில் இறக்கினார்கள். அங்கிருந்து மழையில் காட்டுக்குள் நடை.

தாத்தா திரும்பி வந்தார். அண்ணன் வரவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது தாத்தா இறந்தார். அவர் சயாமைப் பற்றிச் சொன்னது மொத்தமாகச் சேர்த்தால் ஒரு பக்கம்கூடத் தேறாது. "மழ பெஞ்சுகிட்டே இருந்துச்சுடா" என்பார். அதற்குமேல் கேட்டால் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு பீலிப் பக்கம் போய்விடுவார். கணுக்காலுக்கு மேலே ஒரு பெரிய குழி, தோல் பளபளவென்று இருக்கும். சயாம் புண். யாராவது மூங்கில் பிளந்தால் அந்த இடத்தில் நிற்க மாட்டார். ராத்திரி எழுந்து அரிசி டின்னைத் திறந்து கையை விட்டு அளந்து பார்த்துவிட்டுப் படுப்பார். தைப்பூசத்துக்கு எல்லாரும் ரயிலேறிப் பத்துமலைக்குப் போனாலும் அவர் பஸ்சில்தான் வருவார். நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். "தாத்தாவுக்கு ரயிலுன்னா பயம்" என்று கேலி செய்வோம். பாட்டி அப்போது சிரிக்காமல் எங்களைப் பார்ப்பாள்.

இன்றைக்கு அதற்கு டாக்டர்மார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது. அன்றைக்கு லயத்தில் அதற்கு 'சயாம் போய் வந்த ஆளு' என்று பெயர். அவ்வளவுதான். லோமக்சுக்காவது எழுபது வயதை எட்டும்போது கேட்க ஒரு காது கிடைத்தது. என் தாத்தாவுக்கு அடுத்த வீட்டுச் சுவர்தான் கேட்டிருக்கும். அதுவும் பலகைச் சுவர்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அந்த ரயில் பாதை சயாம் பக்கம் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மா பக்கம் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபர் 17-ல் இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் சேர்த்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம்கூட இல்லை. நம் நாட்டுக் கிழக்குக்கரை ரயில் பாதையையும் தம்பின்–மலாக்கா பாதையையும் பிடுங்கிக்கொண்டுபோய் அங்கே போட்டார்கள். ஆள் மட்டும் போகவில்லை, நம் தண்டவாளமும் போனது. மலாக்காவுக்கு இன்றுவரை ரயில் கிடையாது, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள், அதாவது பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் சேர்ந்து ஏறத்தாழ 1,80,000 பேர் இருக்கலாம் என்கிறார்கள். செத்தவர்கள் 90,000 அளவில். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 75,000 பேருக்கு மேல், அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர். சண்டைக்குப்பின் எடுத்த கணக்கில் மலாயாக்காரர் சாவு 30,000-ஐ ஒட்டி வருகிறது. காட்டில் ஓடிப்போய்ச் செத்தவனை யார் எண்ணினார்கள்? உண்மைத் தொகை அதற்கும் மேல் என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

கைதிகள் பட்ட பாடு சின்னப் பாடு என்று நான் சொல்ல வரவில்லை. அடி, பசி, புண், காலரா எல்லாருக்கும் பொது. ஆனால் கைதிகள் பட்டாளமாகப் போனவர்கள். அவர்களுக்குள் அதிகாரி உண்டு, டாக்டர் உண்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளை போட ஆள் உண்டு. நம்மவர் பெண்டு பிள்ளையோடும் போனார்கள், டாக்டரில்லாமல், தலைவனில்லாமல், ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். 1943 மே, ஜூன் மாதம் மழையோடு காலரா இறங்கியது. நீக்கே பக்கத்து முகாம்களில் கொட்டகை கொட்டகையாகச் சனம் போனது. பிறகுதான் போர்க்கைதி டாக்டர்களில் சிலரை இரண்டு குழுவாக நம்மவர் முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த வெள்ளைக்கார டாக்டர்கள் அங்கே பார்த்ததை எழுதியும் வைத்தார்கள். அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும். நம்மைப் பற்றி அவர்கள் எழுதினார்கள், நாம் எழுதவில்லை.

போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பக்கம் பக்கமாக ஏறத்தாழ 7,000 கல்லறை, பெரும்பாலும் பெயர் வெட்டியிருக்கும். புல்லை ஒட்ட வெட்டி, பூச்செடி வைத்து, இன்றைக்கும் ஆள் போட்டுப் பராமரிக்கிறார்கள். நம்மவருக்கு? 1990-ல் அதே ஊரில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக வெளியே வந்தன. ஆசியத் தொழிலாளர்கள் என்றார்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், யார் மகன்? கேட்டால் யார் சொல்வது!

நஷ்டஈட்டுக் கதையும் அப்படித்தான். பிரிட்டிஷ் அரசாங்கம் 2000-ம் ஆண்டில், உயிரோடிருந்த தன்னுடைய முன்னாள் கைதிகளுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் ஆளுக்கு 10,000 பவுன் என்று அறிவித்தது. தாமதம்தான், ஆனாலும் வீடு தேடி வந்தது. நம் நாட்டுக்கு 1967 ஒப்பந்தப்படி ஜப்பான் கொடுத்தது 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்பு. அது கப்பலாக வந்தது. நாட்டுக்குக் கப்பல் தேவைதான். ஆனால் சயாமில் புருஷனைப் பறிகொடுத்த லயத்துப் பொம்பளை அந்தக் கப்பலில் எந்தப் பலகையைத் தொட்டாள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இப்போது படத்துக்குத் திரும்புகிறேன். படத்தில் பெயர் சொல்லும்படி ஒரு தமிழன்கூட இல்லை. 1957-ல் வந்த 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்திலும் இப்படித்தான். அதை எடுத்தது இலங்கையில், இருந்தும் நாம் இல்லை. இதற்காக வெள்ளைக்காரனை ஏசிப் பிரயோசனம் இல்லை. அவன் கதையை அவன் சொல்கிறான். லோமக்ஸ் எழுதினார், அதனால் படம் வந்தது. நம் பக்கம் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். நம்மில் எத்தனை வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நானும் பாதிதான் தூக்குவேன், ஒன்றைத்தான் படித்திருக்கிறேன்.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் கிளையில் இரண்டு விதமாகப் பேசினார்கள். இளவட்டம் ஒருவன், "அந்தக் கைய ஒடிச்சிருக்கணும்ணே, விட்டுட்டாரே" என்றான். இன்னொருவர், கோயில் கமிட்டியில் பெரியவர், "பாத்தீங்களா, அவரே மன்னிச்சிட்டாரு. நாமளும் பழசக் கெளறாம மறந்துட்டுப் போவணும். இன்னிக்கு ஜப்பான்காரன் பேக்டரியிலதான் நம்ம பிள்ளைங்க வேல செய்யுது" என்றார்.

இளவட்டத்துக்குப் பதில் சொல்வது சுலபம். கையை ஒடித்திருந்தால் லோமக்சுக்கு இன்னொரு கெட்ட கனவு கூடியிருக்கும். பெரியவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐயா, அவர் மறக்கவில்லை. எந்தத் தேதி, எந்தக் கொட்டகை, எந்தக் கை முதலில் ஒடிந்தது என்று கடைசிவரை நினைவில் வைத்திருந்து, எதிரே இருந்தவனும் "ஆமாம், நான் அங்கே இருந்தேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மன்னித்தார். அவருக்குச் சேரவேண்டியதை அவர் கொடுத்தார். என் தாத்தாவின் அண்ணன் சார்பாக மன்னிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எனக்கு உங்களுக்கு யாருக்குமே இல்லை. ஜப்பான் பேக்டரியில் வேலை செய்கிற பிள்ளைகள் செய்யட்டும், அந்த நாட்டு இளைஞன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் பிறக்காத காலத்துக் கதை. ஆனால் "மறந்துவிடு" என்பதை "மன்னித்துவிடு" என்று பெயர் மாற்றி விற்கக்கூடாது.

ஜப்பான்காரன் மட்டும்தான் இந்தக் கணக்கில் இருக்கிறானா? இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் காகிதத்தில் பெயர் எழுதிய கிராணி நம்மவர்தான். யாரை அனுப்புவது என்று அவரும் கங்காணியும் உட்கார்ந்து பேசினார்களாம். கேட்க நாதி இல்லாதவன், கங்காணியோடு சண்டை போட்டவன், அப்பா இல்லாத பையன் என்று பார்த்துப் பார்த்து எழுதினார்களாம். கிராணி வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. இது என் பாட்டி சொன்னது. அன்றிலிருந்து எங்கள் குடும்பம் அந்தக் குடும்பத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நல்லது கெட்டதுக்குப் போனதில்லை. எனக்கு ஏழு வயதில் அந்த வீட்டுக் கல்யாணத்தில் பிள்ளைகளோடு போய்க் கேசரி வாங்கித் தின்றுவிட்டேன், அப்பா என்னை வெளுத்துவிட்டார். ஏன் அடித்தார் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

அந்தக் கிராணியின் பேரன் இன்றைக்கு எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். என் வயதுதான். சங்க உறுப்பினர், சந்தா ஒரு மாதம் தவறியதில்லை. 2023-ல் காஞ்சனாபுரியில் நம்மவர்களுக்காக நடுகல் நட்ட செய்தி பத்திரிகையில் வந்தது அல்லவா, அதற்கு மறுவாரம் அவர் என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எங்க தாத்தாதான் எழுதுனாரு. எழுதுனது நெசம்ணே. இருபது பேரு குடுக்கலேன்னா ஒன் மவனுங்கள ஏத்துவேன்னு ஜப்பான்காரன் கன்னத்துல அறஞ்சானாம். அவரும் கடைசி வரைக்கும் சரியா தூங்குனது இல்ல. மன்னிச்சிக்குங்கன்னு கேக்க வரல. சொல்லணும்னு தோணுச்சு, வந்தேன்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தேத்தண்ணி போடச் சொன்னேன். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் அப்பா பின்கதவு வழியாக வெளியே போய்விட்டார். இந்தத் தீபாவளிக்குப் படத்தில் பாதியில் எழுந்து போனாரே, அதே மாதிரி. படத்தில் எந்த இடத்தில் எழுந்தார் தெரியுமா? அந்த மொழிபெயர்ப்பாளன் மறுபடி கண்ணில் படும் இடத்தில். அன்றைக்கு வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அப்பா இருட்டிய பிறகு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாலைந்து நாள் கழித்து, காலையில் முகம் கழுவிக்கொண்டே, "அந்தப் பய லாரிதான் ஓட்டுறானா?" என்றார். ஆமாம் என்றேன். "பாத்து ஓட்டச் சொல்லு, அந்த மேட்டு ரோடு மோசம்" என்றார்.

இது மன்னிப்பா? எனக்குத் தெரியாது. என் அப்பாவிடம் கேட்கும் தைரியமும் இல்லை. ஆனால் எண்பது வருஷமாகப் பேசாதது ஓர் அங்குலம் அசைந்தது. அந்த லாரிக்காரர் வந்து "நெசம்" என்று சொன்னதால் அசைந்தது. நாகாசே சொன்னதும் அதைத்தான். சொல்ல ஆள் வேண்டும். சொன்னால் கேட்பதற்குப் பெயரும் முகவரியும் உள்ள ஓர் ஆளும் வேண்டும். லோமக்சுக்கு இரண்டும் கிடைத்தன. நமக்குக் கல்லறையில் பெயரில்லை, கணக்கில் பெயரில்லை. நாளைக்கு ஜப்பானிலிருந்து ஒரு நல்ல மனிதர் வந்து, "நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது, பட்டியலைக் கொடுங்கள்" என்றால் எதைக் கொடுப்போம்?

அதனால் ஒரு காரியம் சொல்கிறேன். செலவில்லாத காரியம். பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு. சயாமுக்குப் போனவர் பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், கூடப் போனவர் யார், திரும்பினாரா இல்லையா, யார் சொன்ன தகவல், இவ்வளவுதான். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். கூட்டி எழுத வேண்டாம், சினிமாவாக்க வேண்டாம். தோட்டம் துண்டாகி வீட்டுமனையாகிப் போயிருந்தாலும் பழைய பெயரையே எழுதுங்கள். அந்தக் காலத்தில் ஐந்து வயதுப் பிள்ளையாக லாரி போவதைப் பார்த்து நின்றவருக்கு இன்றைக்கு எண்பத்தைந்துக்கு மேல். பட்டணத்தில் மகன் வீட்டிலும் பேரன் அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். போகும்போது வாழைப்பழம் வாங்கிப் போங்கள், கேள்வியை உடனே கேட்காதீர்கள். அழுதால் நிறுத்துங்கள், மறுவாரம் போங்கள். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கிராணி, கங்காணி பெயர் வந்தால் அதையும் எழுதுங்கள், ஆனால் அதை வைத்து யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக்கூடாது. அந்த வீட்டிலும் தூங்காத ஒருவர் இருந்திருப்பார்.

எங்கள் கிளை நோட்டு கடந்த மாதம் ஆரம்பித்தது. முதல் பெயர் என் தாத்தாவின் அண்ணன். லாரி ஓட்டும் தோழர், தன் வீட்டுப் பழைய பெட்டியில் ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இதுவரை பதினொரு பேர் எழுதியிருக்கிறோம். அதில் மூன்று பேருக்கு அப்பா பெயர் தெரியவில்லை. 1943 வாக்கில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், இந்தப் பத்திரிகை வழியாக எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.